அடைமழையில் இரண்டு சக்கரம்

புயல் வந்தால் முதலில் அறுவது தந்திக் கம்பிதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவில் அந்த ஊருக்கும் வெளியுலகத்துக்கும் இருந்த தொடர்பு அற்றுப்போனது. பயணிகள் ரயிலை அலை அடித்துக்கொண்டு போன சேதியே தாமதமாகத்தான் வெளியே தெரிந்தது. கம்பி அறுந்தால் தந்தி வராது. தந்தி வராவிட்டால் அதைச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளுக்குத் தெருவில் வேலை இல்லை. காற்று உச்சத்தில் சுழன்றடிக்கும் அந்தச் சில மணி நேரம் தந்திக்காரர் அலுவலகக் கூரைக்குக் கீழே இருப்பார். கம்பி சரியானதும் தேங்கிக் கிடந்த தந்தியெல்லாம் ஒரே மூச்சில் வரும். அப்போது தொடங்கும் அவருடைய ஓட்டம்.

இன்றைக்குச் சென்னையில் மேகம் கறுத்த உடனே செல்போன்களில் ஆர்டர் ஏறுகிறது. நனைய விரும்பாதவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து இன்னொருவரை வெளியே வரவழைக்கிறார்கள். மழை வலுக்க வலுக்க டெலிவரி தம்பிகளுக்கு வேலை கூடுகிறது; செல்போன் கோபுரம் விழும்வரை கூடிக்கொண்டே போகிறது. இரண்டு சக்கரத்தில் ஏறிச் சேதியோ பொருளோ கொண்டுபோகும் தொழிலில் இந்த ஐம்பது வருடத்தில் நடந்த மாற்றங்களில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சைக்கிள் ஸ்கூட்டரானது, தோல் பை முதுகில் சுமக்கும் சதுரப் பெட்டியானது எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

என் பெரியப்பா சென்னையில் தந்தி சேவகராக இருந்தவர். எழுபதுகளில் அவர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும்போது வாசலில் அந்தச் சைக்கிள் சாய்ந்து நிற்கும். கனமான கறுப்புச் சைக்கிள், இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக், பின் சக்கரத்தோடு உரசி எரியும் டைனமோ விளக்கு. மழையில் அந்த இரண்டும்தான் கைவிடும் என்பார். ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். நிறுத்த நினைத்த இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் வண்டி நிற்கும். டயர் ஈரமானால் டைனமோவின் உருளை பிடிமானம் இல்லாமல் சறுக்கி, விளக்கு மங்கி மங்கி எரியும். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரத்தில் மங்கிய விளக்கை நம்பாமல், தெரு மனப்பாடமாக இருப்பதை நம்பித்தான் ஓட்டினார். எந்தத் தெருவில் கால்வாய் மூடி இல்லை, எந்த முக்கில் தண்ணீர் முழங்கால் வரை தேங்கும், எந்தச் சந்து வழியாகச் சுற்றிப் போகலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முழங்கால் தண்ணீர் என்றால் இறங்கித் தள்ளுவார். எஞ்சின் இல்லாத வண்டிக்குத் தண்ணீரில் நின்றுபோக ஒன்றும் இல்லை. மறுநாள் ஞாயிறானால் சக்கரத்தைக் கழற்றி, குண்டுகளைத் துடைத்து, கிரீஸ் வைப்பார். இல்லாவிட்டால் துரு பிடித்து ஓலமிடும்.

தந்திக் காகிதம் நனையக் கூடாது, அது முதல் விதி. மையால் எழுதியது கரைந்துபோனால் பெயரும் போய்விடும், சேதியும் போய்விடும். மழைக்கோட்டுக்கு உள்ளே, சட்டைக்கும் மேலே, பாலிதீன் உறையில் சுற்றிப் பையை மாட்டிக்கொள்வார். தான் நனைந்து தந்தி நனையாமல் போன நாட்களைத்தான் நல்ல நாட்களாகச் சொல்வார். சாவுச் செய்தி தாங்கிய தந்திகளில் இரண்டு எக்ஸ் குறி இருக்கும். அவை மற்றவற்றை முந்திக்கொண்டு போகும். அந்தக் குறியைப் பார்த்துவிட்டால் மழை விடட்டும் என்று எந்தத் திண்ணையிலும் ஒதுங்க மாட்டார். திருச்சியில் அப்பா இறந்த சேதி சென்னையில் இருக்கும் மகனுக்கு இரவு ரயிலுக்கு முன் கிடைத்தால்தான் முகம் பார்க்க முடியும். அந்தக் கணக்குப் பெரியப்பாவுக்குத் தெரியும், மேலதிகாரி சொல்ல வேண்டியதில்லை.

தந்திக்காரர் வருவதைப் பார்த்தாலே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். கதவைத் தட்டியதும் முதல் வார்த்தையாக “நல்ல சேதிதாம்மா, பயப்படாதீங்க” என்று சொல்லக் கற்றிருந்தார், சேதி அப்படி இருந்தால். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் ரசீதை நீட்டுவார். ரசீதில் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஈரக் கையால் வாங்கினால் அதுவும் நனையும் என்று தோளில் ஒரு துண்டு வைத்திருப்பார், முதலில் அவர்கள் கையைத் துடைக்கக் கொடுப்பதற்கு. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் படித்துச் சொல்லுவதும் அவர்தான். ஒரு குடும்பத்தின் மிகப் பெரிய இழப்பை, கூரையிலிருந்து சொட்டும் மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் படிக்க வேண்டியிருந்ததைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலம் பொன்னாக இருந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தந்தி அலுவலகங்களில் நிரந்தர ஊழியர்கள் மட்டும் இருக்கவில்லை. கொடுத்த தந்தியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெற்றவர்களும் முன்பு இருந்தார்கள். சம்பளத்துக்காகவும் வேலை நேரத்துக்காகவும் தந்தி ஊழியர்கள் போராடிய வரலாறு நீளமானது. 1908இலேயே நாட்டின் பல நகரங்களில் தந்தி வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. அந்தத் தொழிலில் பெண்கள் தெருவில் இறங்கியதை நான் பார்த்ததில்லை. நனைந்து வந்து நிற்பவருக்குச் சொம்பில் வெந்நீரோ காபியோ கொடுத்த வீடுகள் நிறைய உண்டு. ஆனால் சில தெருக்களில் அந்தச் சொம்பு கைக்கு வராது, கையைக் குவித்துத்தான் குடிக்க வேண்டும். பெரியப்பா அந்தத் தெருக்களில் தாகம் இல்லை என்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஒன்று இருந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதக் கடைசியில் அதே சம்பளம் வந்தது. காக்கிச் சீருடையும் மழைக்கோட்டும் அரசு கொடுத்தது. சைக்கிளைப் பராமரிக்க ஒரு படி இருந்தது, சிறு தொகைதான். அந்தப் படி தபால் துறையில் இன்றும் இருக்கிறது. 2017இல் ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மத்திய அமைச்சரவை பரிசீலித்தபோது, அதை ஒழித்துவிடலாம் என்ற யோசனையை ஏற்காமல், தபால்காரர்களுக்கும் ரயில்வே பாதை ஊழியர்களுக்கும் மாதம் 90 ரூபாயிலிருந்து 180 ரூபாயாக உயர்த்தியது. 180 ரூபாய்க்கு இன்று ஒரு டயர்கூட வராது. இருந்தாலும் அந்தத் தொகைக்குப் பின்னால் ஒரு ஒப்புதல் இருக்கிறது: சைக்கிள் தேய்வது வேலையால், அதனால் அதன் செலவில் ஒரு பங்கு வேலை கொடுப்பவருடையது. வெள்ளத்தால் தெருவுக்குள் போக முடியவில்லை என்றால் பெரியப்பா அதைக் காகிதத்தில் எழுதி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வருவார். மறுநாள் திரும்ப முயற்சி நடக்கும். அவர் வேலை போகாது, கூலி குறையாது. மழையின் கணக்கு அரசாங்கத்தின் புத்தகத்தில் ஏறியது.

பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன, பிறகு செல்போன், பிறகு குறுஞ்செய்தி. 2013 ஜூலை 14ஆம் தேதியோடு இந்தியாவில் தந்தி சேவை நின்றது. கடைசி நாளில் பலர் வரிசையில் நின்று தங்களுக்கே தந்தி அனுப்பிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 2014இல், பெங்களூரில் ஸ்விக்கி தொடங்கியது. 2015இல் ஸொமாட்டோவும் உணவு டெலிவரியில் இறங்கியது.

அதே 2015 டிசம்பரில்தான் சென்னை மூழ்கியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல், ஆயிரக்கணக்கான மரங்கள் சாலைக்குக் குறுக்கே. 2023 டிசம்பரில் மிக்ஜாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பல நாள் தண்ணீர் வடியவில்லை. பெரியப்பா காலத்திலும் சென்னையில் வெள்ளம் வந்திருக்கிறது. அன்று அந்தத் தெற்குப் பக்கத்தில் வீடுகள் குறைவு. ஏரியும் சதுப்பு நிலமும் தண்ணீரை வாங்கிக்கொண்டன. இன்று பள்ளிக்கரணை சதுப்பில் மிச்சம் இருப்பது சிறு பகுதி. 2022இல் அது ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது, ஆனால் கட்டடமாகிப்போன பகுதி திரும்பி வரவா போகிறது? அந்தக் கட்டடங்களில்தான் ஆர்டர்கள் அதிகம். தண்ணீர் போக வழியில்லாத இடத்துக்கே வண்டியும் அதிகம் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பையன். டிப்ளமோ முடித்தவன். இரண்டு வருடமாக வேளச்சேரி, தரமணி, பெருங்குடி வட்டாரத்தில் டெலிவரி ஓட்டுகிறான். மழை நாளில் வண்டி என்ன ஆகும் என்று அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தண்ணீர் சைலன்சர் மட்டத்துக்கு மேல் இருந்தால் ஆக்ஸிலரேட்டரை விடாமல் ஒரே வேகத்தில் போக வேண்டும். நடுவில் விட்டால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறி வண்டி ஆஃப் ஆகிவிடும். ஆஃப் ஆன பிறகு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்ப் பெரிய செலவில் விடும். அதனால் தள்ள வேண்டும், முதுகில் பெட்டியோடு. ஏர் ஃபில்டர், பிளக், எஞ்சின் ஆயில் என்று மெக்கானிக் கேட்பது அவன் இரண்டு நாள் சம்பாத்தியம். அதில் ஒரு ரூபாய்கூட நிறுவனத்தின் கணக்கில் சேராது. வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, செல்போன் அவனுடையது, ரெயின்கோட்டும் அவன் காசு.

செல்போன்தான் பெரிய தொல்லை என்கிறான். மழைத்துளி விழுந்தால் திரைக்கு விரல் எது துளி எது என்று தெரியாது. தானாக ஏதேதோ அழுத்திக்கொள்ளும். ஒருமுறை அப்படி ஆர்டர் ‘டெலிவர்டு’ என்று மாறி, விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோனானாம். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் உள்ளே ஆவி கட்டி வரைபடம் தெரியாது. தெரிந்தாலும் அந்த வரைபடத்துக்குத் தண்ணீர் தெரியாது. மூன்றடி நீர் நிற்கும் சுரங்கப்பாதையையும் அது குறுக்கு வழி என்று காட்டும். மூடி திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலை அது காட்டாது. பெரியப்பாவிடம் தெருவைப் பற்றிய அறிவு இருந்தது, அது பல வருடம் ஒரே வட்டாரத்தில் சுற்றிச் சேர்ந்தது. இந்தப் பையனுக்கு நாளுக்கு நாள் இடம் மாறுகிறது. ஆர்டர் எங்கே விழுகிறதோ அங்கே போக வேண்டும். அப்படியும் தெரிந்துகொள்கிறான், வாட்ஸ்அப்பில் மற்ற ரைடர்கள் போடும் குரல் செய்திகளால். “டான்சி நகர் உள்ள போகாதீங்கடா, இடுப்பு வரைக்கும் தண்ணி” என்று ஒருவன் சொல்வது எந்த வரைபடத்தையும்விட நம்பகமாக இருக்கிறது. தொழிலின் மிகப் பழைய அறிவு இன்னும் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது. இது எனக்குப் பெரிய ஆறுதல்.

“மழைக்கு எக்ஸ்ட்ரா குடுக்குறாங்கல்ல தம்பி?” என்று கேட்டேன்.

“குடுக்குறாங்க அங்கிள். ஆர்டருக்கு இவ்ளோன்னு ஏறும். அதுக்காகத்தான் நாங்களே மழையில இறங்குறோம். வீட்லயே இருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா சாதாரண நாள்ல பதினாலு மணி நேரம் ஓடினா வர்றது மழையில எட்டு மணி நேரத்துல வந்துடும். வாடகை தேதி வர்றப்போ மழை வந்தா விடுவோமா?”

யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மைதான். பெரியப்பாவுக்கு இருந்தது கட்டளை. அலுவலகம் போகச் சொன்னால் போக வேண்டும். இந்தப் பையன் தானே முடிவெடுக்கிறான். ஆனால் அந்த முடிவை எடுக்கும்போது ஒரு பக்கம் வாடகையும் மறு பக்கம் மழையின் விலையும் இருக்கின்றன. இரண்டையும் நிர்ணயித்தது அவன் இல்லை. ஏற்றுக்கொண்ட ஆர்டரைத் தண்ணீரைப் பார்த்துப் பாதியில் விட்டால் ரேட்டிங் இறங்கும், திரும்பத் திரும்ப விட்டால் ஐடி பிளாக் ஆகும் என்று பயப்படுகிறான். வெள்ளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்கு ஒரு மேசையும் இல்லை, மேசைக்குப் பின்னால் ஒரு ஆளும் இல்லை. செயலியில் இருக்கும் உரையாடல் பெட்டியில் தட்ட வேண்டும், அதே நனைந்த திரையில்.

நிறுவனங்களுக்கு வானிலை தெரியாமல் இல்லை. 2024 மே மாதத்தில் ஸொமாட்டோ நாடு முழுக்க 650க்கும் மேற்பட்ட சொந்த வானிலை நிலையங்களை நிறுவி, அந்தத் தகவலைப் பொதுவில் வைத்தது. ஒரு நகரத்தின் எந்தப் பகுதியில் இப்போது மழை, எங்கே எத்தனை டிகிரி என்று உடனுக்குடன் சொல்லும் கருவிகள். அதற்கு அடுத்த மாதம், வெயில் கொளுத்தியபோது, மிக அவசியமானால் ஒழிய உச்சிப் பொழுதில் ஆர்டர் செய்ய வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. கேட்டது நல்லதுதான். ஆனால் ஆர்டர் நின்ற மதிய நேரத்துக்கு ரைடரின் வருமானமும் நிற்கும். வெயிலில் போகாதே என்று சொல்வதோடு, போகாத நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சொன்னால்தான் அந்த வேண்டுகோள் முழுமையாகும்.

வெயிலைப் பற்றி எழுதாமல் சென்னையின் கடும் வானிலையை எழுத முடியாது. 2003 மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கத்திரி வெயிலில் பெரியப்பா வீட்டுக்கு வீடு மோர் குடித்துக்கொண்டு போனார். மரங்கள் அடர்ந்த சாலைகளைத் தேர்ந்துகொள்வார். இன்றைய ரைடருக்கு ஹெல்மெட் கட்டாயம், கட்டாயமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் சிக்னலில் தொண்ணூறு விநாடி நிற்கும்போது அதற்குள் தலை வேகும். தார் சாலையின் சூடு கீழிருந்து, முன்னால் நிற்கும் பேருந்தின் எஞ்சின் சூடு பக்கத்திலிருந்து. 2024 கோடையில் சென்னை மாநகராட்சி சில சிக்னல்களில் பச்சை நிழல்வலை கட்டியது. சிறிய காரியம்தான், அந்த வலைக்குக் கீழே நிற்க இரு சக்கர வண்டிகள் முண்டியடித்ததைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது.

தண்ணீர் கொடுக்கும் பழக்கம் முழுவதும் போய்விடவில்லை. மழையில் வந்தவனுக்கு டீ கொடுத்து உட்காரச் சொன்ன ஒரு பாட்டியைப் பற்றி இந்தப் பையன் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் பெரும்பாலும் கதவு திறப்பதே இல்லை. “வாசல்ல வெச்சுட்டுப் போங்க” என்று செல்போனில் ஒரு வரி வரும். சில அடுக்குமாடி வளாகங்களில் டெலிவரி ஆட்கள் குடியிருப்பவர்களின் லிஃப்ட்டில் ஏறக் கூடாது; சரக்கு லிஃப்ட்டில் வர வேண்டும், நனைந்திருந்தால் படியில் ஏற வேண்டும். கையைக் குவித்துக் குடிக்கச் சொன்ன தெருக்கள் எங்கே போய்விட்டன என்று யாராவது கேட்டால் நான் அந்த லிஃப்ட்டைக் காட்டுவேன்.

இன்றைய தொழிலில் அன்று இல்லாத நன்மைகளும் உண்டு. வண்டியும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால் சில நாளில் வேலை தொடங்கலாம். சிபாரிசு தேவையில்லை, வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. பெண்கள் ஓட்டுகிறார்கள், கல்லூரி மாணவர்கள் ஓட்டுகிறார்கள், வேலை போன நடுவயதுக்காரர்கள் ஓட்டுகிறார்கள். மழைக்காலத்தில் குழந்தைக்குப் பால் பவுடரும் பாட்டிக்கு இன்சுலினும் இவர்கள் கையால் வீடு சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். மழையில் பிரியாணிக்காக ஒருவனை அலைக்கழிப்பதா என்று கோபப்படுகிறவர்கள், அந்தப் பிரியாணியின் பணத்தில்தான் அவன் வாடகை கட்டுகிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆர்டர் செய்யாமல் இருப்பது அவனுக்குச் செய்யும் உதவியாகாது.

அரசு பார்க்கத் தொடங்கியிருக்கிறது. 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இவர்களுக்குத் தனி நல வாரியம் அறிவித்தார். அந்த ஆண்டு இறுதியில் வாரியம் அமைந்தது. 2025 பட்ஜெட்டில், வாரியத்தில் பதிவுசெய்த 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. உட்கார இடம், கழிப்பறை, செல்போன் சார்ஜ் போட வசதி. ஆர்டர் விழும்வரை நடைபாதையிலும் வண்டி சீட்டிலும் காத்துக் கிடந்தவர்களுக்கு, முக்கியமாகக் கழிப்பறை தேடி அலைந்த பெண் ரைடர்களுக்கு, இது பெரிய விஷயம். இப்படி ஒன்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை இந்தத் தொழிலாளர்களுக்கான நிதிக்குக் கட்ட வேண்டும். விபத்துக் காப்பீடு, மருத்துவம், முதுமைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அது வழி செய்யலாம். கிடைத்தால் பெரிய மாற்றம்தான். ஆனால் குறைந்தபட்சக் கூலி அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே மழையில் ஓடும்போது விழுந்தால் காப்பீடு உண்டு என்ற நிலை வரலாம். மழையில் ஓடாத நாளுக்குக் கூலி உண்டு என்ற நிலை வரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ரெட் அலர்ட் நாள். பள்ளிகளுக்கு விடுமுறை. காலையில் கொஞ்ச நேரம் ஆர்டர் விழுந்தது, பிறகு அவன் ஓட்டும் செயலி அந்த வட்டாரத்தில் சேவையை நிறுத்திவிட்டது. சரியான முடிவு, உயிர் முக்கியம். எதிர் வீட்டு வாசலில் வண்டியைப் படியேற்றி நிறுத்திக்கொண்டிருந்தான். பெரியப்பாவுக்கு இப்படி ஒரு நாள் வந்தால் சம்பளத்தில் ஒரு நாளைப் பிடிப்பார்களா என்று கேட்டான். பிடிக்க மாட்டார்கள் என்றேன்.

“அப்போ அவரு மழைக்குப் பயந்திருக்கலாம் அங்கிள்,” என்றான். “நாங்க மழைக்குப் பயப்படுறதில்ல. மழையால லீவு வுட்டுருவாங்களோன்னுதான் பயம்.”